அந்த நாலு பேர்

எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியது டீச்சர் வீட்டில்தான். கோவில்பட்டியில், பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற தெரு அது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மேசை நாற்காலியைத் தேடாதீர்கள். டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பினால் தூர்தர்ஷன் வரும். காற்றில் அது தானாகத் திரும்பிக்கொண்டால் இலங்கையின் ரூபவாஹினி வரும். இரண்டும் வராத நாட்களில் புள்ளி புள்ளியாய் வருவதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவோம்.

வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா. சின்னப் பையன்களுக்கு ஹாலில் சிமெண்ட் தரை, பெண்களுக்கு நடை, தாமதமாக வந்தவர்களுக்கு ஜன்னல் கம்பி. நாற்காலி டீச்சர் வீட்டாருக்கு மட்டும். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

அங்கேதான் அந்த ஒனிடா டிவி விளம்பரத்தைப் பார்த்தேன். எனக்கு ஆறு, ஏழு வயது இருக்கும். மொட்டைத் தலை, இரண்டு கொம்பு, நீண்ட வால், நகம் வளர்த்த ஒரு சாத்தான். எங்களுக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும். கடைசி வரி இங்கிலீஷ். டீச்சரின் மூத்த மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் அர்த்தம் சொன்னார்: "பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பொறாமை, வச்சிருக்கிறவனுக்குப் பெருமை." எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த முப்பது பேரில் இருபத்தைந்து பேர் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

எத்தனையோ விளம்பரங்களை மறந்தாகிவிட்டது. இது மட்டும் இன்னும் கூடவே வருவதற்குக் காரணம், மற்ற எல்லா விளம்பரங்களும் உள்ளே வைத்துச் சொன்னதை இது பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது. படம் தெளிவாகத் தெரியும், சத்தம் நன்றாகக் கேட்கும் என்றெல்லாம் அது மெனக்கெடவில்லை. வாங்கினால் அடுத்தவன் வயிறெரிவான், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் எனக்கு ஆசைகள் இல்லாமல் இல்லை. கடலை மிட்டாய் மேல் இருந்த ஆசையைச் சொல்லி மாளாது. எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. அதற்கு முப்பது வருடம் முந்தியே அந்தக் குறியீட்டை நாக்கில் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். ஆனால் கடலை மிட்டாயை எப்படித் தின்போம்? டவுசர் பையில் ஒளித்து வைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு விள்ளல் கடித்துக்கொள்வோம். பார்த்துவிட்டால் பங்கு கேட்பார்கள். டிவியில் வந்த சாக்லேட்டோ நேர் எதிர். அதை இன்டர்வெல் பெல் அடித்ததும் வேப்பமரத்தடியில் நின்று, உறையைச் சரசரவென்று பிரித்து, நாலு பேர் பார்க்கத் தின்ன வேண்டும். யாரும் பார்க்காமல் தின்றால் காசு வீண். உறையைக்கூட எறிய மனம் வராது. நோட்டுக்குள் வைத்து அமுக்கி, மறுநாளும் காட்டலாம்.

இந்த நாலு பேர் நமக்குப் புதியவர்கள் அல்ல. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான் கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறோம். சீர்வரிசைத் தட்டுகளை மண்டபத்தில் பரப்பி வைப்பதும் அந்த நாலு பேருக்காகத்தான். ஆகவே, டிவி வந்துதான் தமிழன் பகட்டுக்காரன் ஆனான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பழைய நாலு பேர் பெரியவர்களுக்கு உரியவர்கள். கல்யாணம், சடங்கு, காரியம் என்று நாள் பார்த்து வருவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எட்டு வயதுப் பையனை அவர்கள் பொருட்படுத்தியதே இல்லை. அண்ணனுக்குச் சின்னதாகிப்போன சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டால், அதைக் குறையென்று சொல்ல ஆள் கிடையாது. விளம்பரம் செய்தது என்னவென்றால், அந்தப் பையனுக்கும் தனியாக நாலு பேரை நியமித்தது. அவர்கள் தினமும் வந்தார்கள்.

ஷூ கதையை இங்கே சொல்ல வேண்டும்.

1995. ஆறாம் வகுப்புக்கு என்னை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே கறுப்பு ஷூ கட்டாயம். அந்தச் சமயத்தில் டீச்சர் வீட்டுக்குக் கேபிள் வந்துவிட்டது. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று தொடங்கிய சன் டிவியை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, பாட்டு எப்போதும் வரும். விளம்பரமும் எப்போதும் வரும். அதில் ஒரு பள்ளிக்கூட ஷூ. நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும். அப்பா ஆபீஸிலிருந்து வருவார், டையெல்லாம் கட்டியிருப்பார். வாசலில் நின்று, ஒரு டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு குறும்பாகச் சிரிப்பார். பையன் சுற்றிச் சுற்றி ஓடிப் பார்ப்பான். அடுத்து பள்ளிக்கூடம். ஷூ மின்ன அவன் நடந்து போக, வரிசையில் நிற்கும் பையன்கள் எல்லாரும் குனிந்து அவன் காலைப் பார்ப்பார்கள். ஒருவன் வாயைப் பிளப்பான்.

என் அப்பாவும் ஆபீஸிலிருந்துதான் வருவார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. சனிக்கிழமை சம்பளம். விளம்பர ஷூவின் விலை அவருடைய ஒரு வாரச் சம்பளத்தில் முக்கால்வாசி. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கேட்டேன், ஒரு மாதம் கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் நான் செய்த இன்னொரு காரியம் இப்போது நினைத்தால் கூசுகிறது: அப்பாவையும் டிவி அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இவர் டை கட்டவில்லை. வந்ததும் கை கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். சட்டையில் தீக்குச்சி மருந்து வாடை அடிக்கும்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை அப்பா வந்தார். வாசல்படியிலேயே என்னவோ மாதிரி நின்றார். உள்ளே வரவில்லை. நான் ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கிப் பிரித்தேன். கறுப்பு ஷூதான். குதிகாலைத் தரையில் தட்டிப் பார்த்தேன். இன்னும் பலமாகத் தட்டிப் பார்த்தேன். அப்புறம் ஒரு ஷூவை முற்றத்தில் வீசிவிட்டு, "இது அந்த ஷூ இல்ல" என்றேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்துக்குப் போய் ஷூவை எடுத்து, வேட்டி நுனியால் மண்ணைத் துடைத்து, ஜோடி சேர்த்து அடுக்கி வைத்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் யாரும் குனிந்து என் காலைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் ஒரே ஒருவன் விளக்கு ஷூவோடு வந்தான், அரிசி மண்டிக்காரர் மகன். முதல் நாள் பார்த்தோம். ஒரு வாரத்தில் ஒரு காலில் விளக்கு எரியவில்லை, அப்புறம் அவனே மறந்துவிட்டான். பாவம், அவனுக்கும் அந்த வாயைப் பிளக்கிற பையன் கிடைக்கவில்லை.

காலம் செய்த வேடிக்கை, பின்னாளில் எனக்கு விளம்பரத்தில்தான் வேலை கிடைத்தது. பெரிய வேலை ஒன்றுமில்லை. மும்பையில் இந்தியில் எடுத்த படத்துக்குத் தமிழில் வசனம் எழுதுவது. ஆறு வருடம் செய்தேன். வடபழனிப் பக்கம் குளிரூட்டிய சின்ன டப்பிங் அறைகளில் என் பகல்கள் கழிந்தன. உதடு ஒட்டும் இடத்தில் ஒட்ட வேண்டும், அதாவது ப, ம வரும் இடத்தில் தமிழிலும் ப, ம வர வேண்டும். டிவியில் நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மைப் போல் இல்லாத சமையலறையில் நம்மைப் போல் அல்லாமல் பேசுவது இப்படித்தான் நடக்கிறது. மம்மி என்று வாய் அசையும் இடத்தில் அம்மாவும் அழகாகப் பொருந்தும். நான் எழுதிக்கொடுத்தும் பார்த்தேன். மம்மியே இருக்கட்டும் என்பார்கள்.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம். 30 நொடிப் படம் முதலில் வரும். கொஞ்ச நாள் ஓடியதும், செலவைக் குறைக்க அதையே 20 நொடியாகவும் பிறகு 10 நொடியாகவும் வெட்டுவார்கள். வெட்டும்போது முதலில் போவது பொருளைப் பற்றிய விவரம். அதில் என்ன இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் 20 நொடியிலேயே காணாமல் போய்விடும். அடுத்தது அம்மா அப்பா பேசுவது. 10 நொடிப் படத்தில் மூன்றே மூன்று மிஞ்சும்: பொருள், அதை வைத்திருக்கும் பையன், அதைப் பார்த்து வாயைப் பிளக்கும் இன்னொரு பையன். முதல் முறை கவனித்தபோது தற்செயல் என்று நினைத்தேன். சத்து பானம், பென்சில் பெட்டி, சைக்கிள், நூடுல்ஸ் என்று எதை வெட்டினாலும் அவன் மட்டும் வெட்டுப்படவே இல்லை. எடிட்டர் ஒருவரிடம் கேட்டேன். "அவனை எடுத்துட்டா அப்புறம் என்ன சார் இருக்கு?" என்றார்.

தொழிலில் இதற்கெல்லாம் பெயர் உண்டு. பிள்ளை நச்சரித்து நச்சரித்துப் பெற்றோரை வாங்க வைப்பதற்கு பெஸ்டர் பவர் என்று பெயர். நச்சரிப்பு ஒரு குறையென்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அதை ஒரு எரிசக்தி போல, குதிரைத்திறன் போல அங்கே பேசுவார்கள்.

இதைத் தடுக்க விதிகளே இல்லையா என்றால், இருந்தன என்பதுதான் கொடுமை. தூர்தர்ஷனில் விளம்பரம் தொடங்கியது 1976 ஜனவரியில். அதன் விளம்பர நெறிமுறையில் ஒரு விதி உண்டு: இந்தப் பொருள் உன்னிடம் இல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகளைவிட நீ மட்டம், உன்னைக் கேலி செய்வார்கள் என்று ஒரு குழந்தையை நம்ப வைக்கும் விளம்பரத்தை ஏற்கக் கூடாது. வேலையில் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் இதைப் படித்தேன். படித்துவிட்டு, அதற்குள் நான் வசனம் எழுதியிருந்த படங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நேரடியாக மீறியது ஒன்றும் இல்லை. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. வாயைத்தான் பிளந்தார்கள். வக்கீல் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது. கேபிள் விதிகள் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை நிமிடம்தான் விளம்பரம் என்று கணக்குப் போட்டன. 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தேவையில்லாததை வாங்க வைக்கப் பிள்ளைகளுக்கு இலவசப் பரிசைக் காட்டி இழுக்கக் கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் அந்தப் பையனின் பிளந்த வாயை எந்தப் பிரிவில் போடுவது?

ஸ்வீடனில் 1991 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து டிவியில் விளம்பரமே கூடாது. கனடாவின் கியூபெக்கில் அதற்கும் முன்பே, 1980 முதல், 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஒரு பொம்மை வியாபார நிறுவனம் உச்ச நீதிமன்றம்வரை போயும் 1989இல் சட்டம்தான் நின்றது. இங்கே அது நடக்குமா என்று கேட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐபிஎல் சமயத்தில் ஒரு நாள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கும் இருக்காது.

படித்ததில் என்னை உலுக்கியது ஒரு பழைய ஆய்வு. கோல்ட்பர்க், கோர்ன் என்று இரண்டு பேர் 1978இல் வெளியிட்டது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள். சிலருக்கு ஒரு பொம்மையின் விளம்பரத்தைக் காட்டினார்கள், சிலருக்குக் காட்டவில்லை. பிறகு இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்லி, யாரோடு விளையாடுவாய் என்று கேட்டார்கள். ஒருவன் நல்ல பையன், அவனிடம் அந்தப் பொம்மை இல்லை. இன்னொருவன் அவ்வளவு நல்லவன் இல்லை, ஆனால் பொம்மை இருக்கிறது. விளம்பரம் பார்க்காத குழந்தைகளில் பெரும்பாலோர் நல்ல பையனிடம் போனார்கள். பார்த்தவர்களில் அதிகம் பேர் பொம்மை இருந்தவனிடம் போனார்கள். இத்தோடு விட்டார்களா? ஓர் அப்பாவும் மகனும் இருக்கும் கதையைச் சொன்னார்கள். அப்பா அந்தப் பொம்மையை வாங்கித் தரமாட்டேன் என்கிறார். இப்போது அந்தப் பையன் அப்பாவோடு விளையாட விரும்புவானா? விளம்பரம் பார்க்காத குழந்தைகள் பலர் விரும்புவான் என்றார்கள். பார்த்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் குறைவு.

முற்றத்தில் கிடந்த ஒற்றை ஷூ என் கண் முன்னால் வந்தது. நான் ஒருவன்தான் கெட்ட பிள்ளை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

2014இல் நெதர்லாந்தில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய இன்னொரு ஆய்வும் உண்டு. விளம்பரத்தில் வரும் அந்தப் பொருளின் மேல் ஆசை முதலில் வருகிறது, பொருள்தான் எல்லாம் என்ற எண்ணம் அந்த ஆசையின் வழியாகப் பின்னால் வருகிறது என்கிறது. எனக்கு இது சரியாகப் படுகிறது. விளக்கு ஷூ ஆசை எனக்கு ஒரு மாதத்தில் போய்விட்டது. அப்பாவை அளந்து பார்க்கிற பழக்கம் கல்லூரிவரை கூடவே வந்தது.

2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, ஏழைகள் வீட்டுக்குள் விளம்பரத்தைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்று என்னோடு வேலை பார்த்தவர்களே பேசினார்கள். விளம்பரத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிப் பேச எப்படித்தான் வாய் வந்ததோ. 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கலாம். குடும்ப அட்டை இருந்தால் டிவி கிடைத்தது, டிவியில் காட்டியதை வாங்கக் காசு கிடைக்கவில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்தவர்களோடு வளர்ந்தவன் என்ற முறையில் அந்தத் திட்டத்தைக் கிண்டல் செய்ய என்னால் முடியாது. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பொறாமை என்ற அந்த வரியை எங்கள் தெருவில் ஒரே நாளில் செல்லாக்காசு ஆக்கியது அதுதான். லாரியில் வந்து இறங்கின, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி. பொறாமைப்பட ஆள் இல்லை. என்ன, அப்புறம் பொறாமை டிடிஎச்சுக்குப் போனது, அது வேறு கதை.

என் மகளுக்குப் பதினொரு வயது. அவள் டிவி விளம்பரத்தைச் சட்டை செய்வதில்லை, போனில்தான் எல்லாம். டப்பாவைப் பிரித்துக் காட்டும் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்க்கிறாள். அதில் வாயைப் பிளக்கும் பையன் இல்லையே என்று ஆரம்பத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்த வேலையை இப்போது என் மகளே பார்க்கிறாள். சென்ற வருடம் தண்ணீர் பாட்டில் ஒன்று கேட்டாள். வீட்டில் ஏழு பாட்டில் இருக்கிறதே என்றேன். "இதுல தண்ணி குடிச்சா யாருப்பா பாப்பாங்க?" என்றாள். கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

பாட்டில் வாங்கிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். கொடுத்தேன்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். எழுபத்தாறு வயது. கிரிக்கெட் என்றால் உயிர். போன மாதம் ஒரு ராத்திரி, ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் ஒரு விளம்பரம். அப்பா ஒருவர் மகளுக்கு என்னவோ வாங்கி வருகிறார். என் மகள் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "எல்லா விளம்பரத்துலயும் இதே அப்பாதானா?" என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, ஷூ கதையை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். முற்றத்தில் வீசியது, இரண்டு நாள் பேசாமல் இருந்தது, எல்லாம். அப்பா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நினைவிருக்காது, முப்பது வருடம் ஆகிவிட்டதே என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

"டப்பாவைப் பின்னால ஒளிச்சு வச்சிக்கிட்டு வந்தேம்லா," என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குப் புரியவில்லை. "எதுக்குப்பா?"

"அந்த வெளம்பரத்துல அவன் அப்படித்தான வருவான். உன்னையக் கூப்பிட வரும்போதெல்லாம் டீச்சர் வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்திருக்கேன். வாசல்லயே நின்னேன், நீ சுத்திச் சுத்தி வருவேன்னு." கொஞ்சம் சிரித்தார். "நீ எங்க. புடுங்கிட்டு ஓடிட்ட."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டைத் தேடுவதுபோல் சோபாவின் இடுக்கில் கையை விட்டேன்.

"தள்ளி உக்காரு, மறைக்குது," என்றார் அப்பா. "ஓவர் போட வந்துட்டான்."